பருத்திமாருக்குள் ஒரு முட்டை

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம் போகிற சாலையில் எந்தக் கிராமத்தில் இறங்கினாலும் சரி, காலை எட்டு ஒன்பது மணி வாக்கில் ஒரு விடைக்கோழியின் பின்னாலேயே கொஞ்ச நேரம் போய்ப் பாருங்கள். முதல் முட்டைக்கு நாள் நெருங்கிய கோழியாக இருக்க வேண்டும். கொண்டை நன்றாகச் சிவந்திருப்பதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

அன்றைக்கு அதற்கு இரை முக்கியமில்லை. கம்பு இறைத்தால் மற்றக் கோழிகள் ஓடிவரும். இது இரண்டு கொத்துக் கொத்திவிட்டு விலகிப் போகும். கழுத்தை நீட்டிக்கொண்டு நீளமாக இழுத்து இழுத்துக் கேறும். வாசலில் ஏறி வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும். கட்டிலுக்கு அடியில் நுழையும். விரட்டினால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே கட்டிலுக்கு வரும். அடுப்பங்கரை மூலை, சாக்கு அடுக்கிய திண்ணை, கவிழ்த்துப் போட்ட கூடை என்று ஒவ்வொன்றாகத் தலையை நுழைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் கொல்லையில் விறகுக்காகக் குவித்து வைத்த பருத்திமாருக்குள் புகுந்துவிடும். காய்ந்த பருத்திச் செடிகளின் அந்தக் குவியலுக்குள் பகலிலும் அரை இருட்டு. பருந்தின் கண்ணுக்கும் எட்டாது, நாயின் வாய்க்கும் எட்டாது.

குனிந்து பார்த்தால் உள்ளே நடப்பது தெரியும். கோழி நெஞ்சைத் தரையில் அழுத்தி, காலால் மண்ணைப் பின்னுக்குத் தள்ளி, உட்கார்ந்த இடத்திலேயே சுழல்கிறது. சுழலச் சுழல ஒரு குழி விழுகிறது. அலகுக்கு எட்டுகிற சருகு, பஞ்சுத் தோடு, துண்டுக் குச்சி எல்லாவற்றையும் இழுத்துத் தன் விலாப்பக்கம் வைத்துக்கொள்கிறது. பிறகு நீண்ட அமைதி. முட்டை வெளியே வருகிற நேரத்தில் பாதி எழுந்து நிற்கிறது. முட்டை விழுந்ததும் மறுபடி உட்கார்ந்து கொஞ்ச நேரம் இருக்கிறது. புறப்படும்போது கவனியுங்கள்: ஒவ்வோர் அடிக்கும் ஒரு சருகைக் கொத்தித் தன் முதுகுக்கு மேல் பின்னால் வீசும். சில சருகுகள் முட்டையின் மேல் போய் விழும். பத்தடி தள்ளி வந்த பிறகுதான் ஊரைக் கூட்டுகிற கொக்கரிப்பு. அத்தனை இரகசியமாக முட்டையை ஒளித்துவிட்டு ஏன் இப்படிக் கத்துகிறது என்று கேட்டால், ஆய்வாளர்களிடம் ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் இருக்கின்றன. எனக்கு எதுவும் முழுத் திருப்தி தரவில்லை.

இந்தக் கோழிக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. பொரிப்பகத்தில் பிறந்து தாயையே பார்க்காத கோழியை இதே கொல்லையில் விட்டாலும் ஏறத்தாழ இதையேதான் செய்யும். கோழி, மயில், காடை, கவுதாரி, இங்கிலாந்தின் வேட்டைப் பண்ணைகளில் வளர்க்கிற ஃபெசன்ட் எல்லாம் ஃபேசியானிடே என்ற ஒரே குடும்பம். நமக்குத் தெரிந்த இந்த உறவுக்காரர்கள் தரையில் மறைவு தேடி, குழி பறித்து, முட்டையைச் சருகோடு சருகாக வைப்பவர்கள். இவற்றில் சிலதை மனிதன் அடைத்து வளர்க்கத் தொடங்கியபோது முட்டை பெருகியது, கூடு காணாமல் போனது. முட்டை, கூடு, அடை மூன்றும் ஒரே வேலை என்று நமக்குத் தோன்றுகிறது. கோழியின் உடம்புக்கு அவை மூன்று தனித்தனி வேலைகள். மூன்றுக்கும் விசை வேறு வேறு.

முதலில் முட்டையின் கணக்கு. கோழிக்கு இடப்பக்கச் சினைப்பை மட்டும்தான் வேலை செய்கிறது. பழுத்த மஞ்சள்கரு தன்னை மூடியிருந்த தோல்பையைக் கிழித்துக்கொண்டு வெளியே விழுகிறது. அதைப் புனல் போன்ற ஒரு வாய் ஏந்திக்கொள்கிறது. சேவலின் விந்து சேர வேண்டுமானால் அந்தப் புனலில் இருக்கும் கால் மணி நேரத்துக்குள் சேர வேண்டும். (அதற்காகச் சேவல் அன்றைக்கே அங்கே இருக்க வேண்டும் என்பதில்லை. கோழி விந்தைத் தன் உடம்புக்குள் பத்து நாளுக்கு மேல் சேமித்து வைக்கும். போன வாரம் சந்தையில் விற்ற சேவல் இந்த வாரத்து முட்டைக்கும் தகப்பன்.) வெள்ளைக்கரு சேர 3 மணி நேரம், உள்தோல் சேர ஒரு மணிக்குச் சற்று மேல், ஓடு கட்ட ஏறத்தாழ 20 மணி நேரம். கூட்டினால் 25, 26 மணி நேரம் வருகிறது. ஒரு நாளுக்கு 24 மணிதான். அதனால் இன்று எட்டு மணிக்கு இட்ட கோழி நாளை ஒன்பதரைக்கு இடுகிறது, மறுநாள் பதினொன்றுக்கு. இப்படியே தள்ளிக்கொண்டு போய்ப் பிற்பகலைத் தொட்டதும் ஒரு நாள் விடுமுறை. மஞ்சள்கருவை விடுவிக்கும் ஹார்மோன் இரவின் குறிப்பிட்ட சில மணி நேரத்தில்தான் சுரக்கும். அந்த வாய்ப்பைத் தவறவிட்டால் அடுத்த இரவு வரை காத்திருக்க வேண்டும். இன்றைக்கு முட்டை கிடையாது என்று வீட்டுப் பெண்கள் முன்கூட்டியே சொல்வது இந்தக் கணக்கைத்தான். காடைக்குக் கடிகாரம் வேறு மாதிரி. அது பெரும்பாலும் பிற்பகலிலும் அந்தியிலும் இடுகிறது.

சரி, கட்டிலுக்கடியில் நுழைந்து எட்டிப் பார்க்க வைப்பது எது? வயிற்றில் முட்டை கனக்கிறது, இறக்கி வைக்க இடம் தேடுகிறது என்றுதான் யாரும் நினைப்போம். எடின்பரோவில் கோழி ஆய்வு மையத்தில் இருந்த உட்-கஷ், கில்பர்ட் இருவரும் 1960களில் இதைச் சோதித்தார்கள். கிடைத்த விடை யாரும் எதிர்பார்க்காதது. கூடு தேடலைத் தூண்டுவது முட்டைப் பாதையில் இருக்கும் முட்டை இல்லை. அந்த முட்டையின் மஞ்சள்கரு நேற்றுக் கிழித்துக்கொண்டு வந்த அந்த வெற்றுத் தோல்பைதான். அந்தப் பையை அறுவை செய்து எடுத்துவிட்டால் முட்டை எப்படியும் வந்துவிடுகிறது. கூடு தேடும் பழக்கம் குலைந்துபோகிறது. மாறாக, மஞ்சள்கரு புனலுக்குள் விழாமல் தவறி வயிற்றுக்குள் விழுந்துவிட்ட கோழி, இட முட்டையே இல்லாத நிலையிலும், அடுத்த நாள் உரிய நேரத்தில் கேறிக்கொண்டு மூலை மூலையாகத் தேடுகிறது, உட்காருகிறது, எழுகிறது. இன்றைக்கு எட்டு மணிக்கு அந்த விடைக்கோழி செய்த அலைச்சல், நேற்றுக் காலையிலேயே அதன் உடம்புக்குள் முடிவாகிவிட்டது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு நாமக்கல் பக்கத்து முட்டைப் பண்ணைக் கூண்டுகளை நினைத்துப் பாருங்கள். சாய்ந்த கம்பித் தளம், உருண்டு முன்னால் வந்து நிற்கிற முட்டை, சருகும் கிடையாது மறைவும் கிடையாது. ஆனால் வெற்றுத் தோல்பை அங்கேயும் தன் வேலையைச் செய்கிறது. முட்டைக்கு முந்தைய ஒரு மணி நேரம், முட்டைக்கென்றே வளர்க்கிற லெகார்ன் கோழி கூண்டின் ஓரத்தோடு ஓரமாகப் போவதும் வருவதுமாக இருக்கிறது. பிரிட்டனில் கூப்பர், ஆப்பிள்பி என்ற இருவர் கனமான கதவைத் தள்ளித் திறந்தால்தான் கூட்டுக்குப் போக முடியும் என்று அமைத்துப் பார்த்தார்கள். முட்டையிட 40 நிமிடம் இருக்கும்போது, 4 மணி நேரம் பட்டினி கிடந்த கோழி தீனிக்காகத் தள்ளுகிற அளவுக்குத் தள்ளியது. 20 நிமிடம் இருக்கும்போது அதைப் போல் இரண்டு மடங்கு. 2003இல் வெளிவந்த முடிவு இது. இன்னொரு சோதனையில், கோழி நேற்றுத் தானே பறித்துச் சரிசெய்த கூட்டை அப்படியே இன்றைக்கும் கொடுத்தார்கள். எல்லாம் தயாராக இருந்தும் மறுபடி சுழன்றது, மறுபடி சருகை இழுத்தது. கூடு வேண்டும் என்பது ஒரு பக்கம், கூடு கட்ட வேண்டும் என்பது இன்னொரு பக்கம். ஐரோப்பிய ஒன்றியம் 2012இலிருந்து வெறுங்கூண்டைத் தடைசெய்து, கூண்டென்றால் கூடிட மறைவிடம் இருந்தாக வேண்டும் என்று சொன்னதற்குப் பின்னால் இத்தகைய சோதனைகள் இருக்கின்றன. இது வெறும் இரக்கம் பற்றிய பேச்சு என்று ஒதுக்குகிறவர்கள் அந்தக் கதவின் எடையைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கரிசல்காட்டு வீட்டுக்கு வருவோம். முட்டையை எடுக்கிறவர்கள் எல்லாவற்றையும் எடுப்பதில்லை, ஒன்றை விட்டுவைப்பார்கள். எடுத்தால் கோழி இடம் மாற்றிவிடும் என்பார்கள். சரிதான். கோழிக்கு முட்டை கிடக்கிற இடம் பாதுகாப்பான இடமாகத் தெரிகிறது. அதனால்தான் அடுத்த வீட்டுக் கோழியும் நம் கூடையில் வந்து இடுகிறது. முட்டை கூடைக்காரருக்கா, கோழிக்காரருக்கா என்று தெருவில் வழக்கு வருகிறது. ஃபெசன்ட் பண்ணைகளிலும் இதே கதைதான், வழக்கு மட்டும் கிடையாது. அடைப்புக்குள் பல பெட்டைகள் ஒரே குழியில் இட்டுக் குவித்துவிட்டு, யாரும் உட்காராமல் போய்விடுகின்றன. வேறு சில, குழியைப் பற்றிக் கவலையே படாமல் நடக்கிற வழியில் இட்டுவிட்டுப் போகின்றன.

முட்டையை எடுக்க எடுக்க இட்டுக்கொண்டே போவது இந்தக் குடும்பத்தின் பலவீனம். மனிதன் அதைத்தான் பிடித்துக்கொண்டான். காட்டு ஃபெசன்ட் ஒரு கூட்டில் 8 முதல் 15 முட்டை இடும். பண்ணையில் அன்றாடம் எடுத்துவிட்டால் ஒரு பருவத்தில் 40, 50 என்று போகும். இந்தப் பழக்கம் வேறு பறவைகளிலும் உண்டு. 1883இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒருவர் ஒரு மரங்கொத்தியின் பொந்திலிருந்து ஒரு முட்டையை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டே வந்தார். அது 73 நாளில் 71 முட்டை இட்டது. போதும் என்ற நிறைவு எண்ணிக்கையால் வருவதில்லை, வயிற்றுக்கடியில் முட்டைகள் தட்டுப்படுவதால் வருகிறது.

தட்டுப்பட்டால் என்ன ஆகும்? பத்துப் பன்னிரண்டு முட்டை சேர்ந்ததும் நாட்டுக்கோழியின் குணமே மாறிவிடும். கூட்டை விட்டு எழாது. கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும், தொண்டைக்குள் கொர் கொர் என்று உறுமும். கோழி அவயத்துக்கு உட்கார்ந்துவிட்டது என்பார்கள் நம் பக்கத்தில். மூளையின் அடியில் உள்ள ஹைபோதாலமஸ் தூண்ட, பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கொட்டுகிறது. பாலூட்டிகளில் பால் சுரக்க வைக்கும் அதே ஹார்மோன்தான். கோழியில் அது சினைப்பையைச் சுருங்க வைக்கிறது, தீனி ஆசையைக் குறைக்கிறது. வயிற்றில் ஒரு பகுதியில் இறகு உதிர்ந்து, இரத்தக் குழாய்கள் பெருகி, தோல் சூடாகிறது. அந்தச் சூடான தோல் முட்டையில் படுவதே மேலும் புரோலாக்டின் சுரக்கக் காரணமாகிறது. உட்கார்ந்தால் சுரக்கிறது, சுரந்தால் உட்காருகிறது.

அவயம் தெளிய வைக்க ஊரில் கையாளுகிற வைத்தியங்களை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். தண்ணீரில் முக்கி எடுப்பது, வெட்டவெளியில் காலில் கயிறு கட்டிப் போடுவது, மூக்கில் இறகைச் செருகிவிடுவது. கூட்டையும் முட்டையையும் தோலிலிருந்து பிரித்தால் புரோலாக்டின் சில நாளில் இறங்கிவிடும். கட்டிப் போடுவதும் முக்குவதும் அந்த வேலையைச் செய்கின்றன. வயிற்றுச் சூட்டையும் தணிக்கின்றன. இறகு செருகுவதில் கோழிக்குத் துன்பத்தைத் தவிர வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அடியில் காற்றோட்டமுள்ள கம்பிக் கூண்டில் வெளிச்சமான இடத்தில் மூன்று நான்கு நாள் விட்டு, தீனியும் தண்ணீரும் வைத்தால் போதும்.

அடைவைக்கிற வீடுகளில் கூடைக்குள் உமியோ மணலோ பரப்பி, முட்டைகளோடு ஓர் இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, ஒரு வற்றல் மிளகாய் போட்டு வைப்பார்கள். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடுமாம். இரும்பு அதைத் தாங்குமாம். இடிக்கும் கூமுட்டைக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக நான் நம்பவில்லை. ஆனால் இடியோடு வருகிற பருவத்தைக் கவனிக்க வேண்டும். கோடை மழை இடிக்கிற சித்திரை, வைகாசியில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. தகரக் கூரைக்குக் கீழே முட்டை வெந்துகொண்டிருக்கிறது.

முட்டைக்குள் கரு முழுதாக வளர 37.5 பாகை செல்சியஸ் வேண்டும். அதற்கு வெகு கீழே குளிர்ந்திருந்தால் கரு உறங்குகிறது. இந்த உறக்கம்தான் தரையில் கூடிடும் பறவையின் மொத்தத் திட்டத்துக்கும் அச்சாணி. முதல் முட்டைக்கும் பன்னிரண்டாவது முட்டைக்கும் இடையில் இரண்டு வாரம் ஓடிவிடுகிறது. தாய் முதல் நாளே உட்கார்ந்தால் மூத்தது ஓடத் தொடங்கும்போது இளையது ஓட்டுக்குள்ளேயே இருக்கும். அதனால் எல்லாம் இட்டு முடிகிற வரை உட்காராது. முட்டைகள் உறக்கத்தில் காத்திருக்கும். உட்கார்ந்ததும் எல்லாக் கருவும் ஒன்றாக விழித்து, 21ஆம் நாள் ஒன்றாகப் பொரிக்கும். சித்திரை வெயில் இந்தத் திட்டத்தைக் குலைக்கிறது. 30, 35 பாகையில் கரு முழுதாக வளரவும் முடியாது, முழுதாக உறங்கவும் முடியாது. அரைகுறையாக வளர்ந்து பாதி வழியில் செத்துப்போகிறது. கோழி அடையில் இருக்கும்போது ஒரு நாள் இடி இடிக்கிறது, பழி அதன் மேல் விழுகிறது. ஈர மணல் போட்ட மண்பானையில் முட்டையைச் சேர்த்து வைத்து, ஒரு வாரத்துக்குள் அடைவைத்துவிடுவது இரும்பை விட உதவும்.

இந்த அவயம்தான் முட்டை வியாபாரத்துக்கு எதிரி. சிறுவிடை போன்ற நம் நாட்டுக்கோழி ஒரு சுற்றில் பத்துப் பன்னிரண்டு இட்டு, அடையிருந்து, குஞ்சு வளர்த்து, மறுபடி முட்டைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். ஆண்டுக்கு 50, 60 முட்டை வந்தால் நல்ல கோழி. அடையில் உட்காராத கோழிகளையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வந்ததன் விளைவு வெள்ளை லெகார்ன். இன்றைய அதன் வாரிசுகள் ஆண்டுக்கு 300ஐத் தாண்டுகின்றன. இங்கே நிகழ்ந்தது பழக்கமாற்றம் இல்லை, பரம்பரையிலேயே நிகழ்ந்த மாற்றம். லெகார்னை வாரக்கணக்கில் முட்டைக் குவியல் மேல் வைத்தாலும் அது பெரும்பாலும் எழுந்து போய்விடும்.

பருவமும் அப்படித்தான் கழன்றது. காட்டுப் பறவைக்கு எப்போது இடுவது என்று ஒரு நேரம் உண்டு. இங்கிலாந்து ஃபெசன்டுக்கு அதைச் சொல்வது பகலின் நீளம். லண்டனில் குளிர்காலப் பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு, கோடைப் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல். அந்த வெளிச்சத்தைப் பறவை கண்ணால் மட்டும் அறிவதில்லை; மண்டை ஓட்டை ஊடுருவி மூளைக்குள் போகிற ஒளியே அங்கு உணரப்படுகிறது என்று பிரெஞ்சு அறிஞர் ழாக் பெனுவா 1930களில் வாத்துகளை வைத்துக் காட்டினார். கோவில்பட்டி இருப்பதோ 9 பாகை வட அட்சத்தில். இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான். இங்குள்ள பறவைக்குச் செய்தி பெரும்பாலும் மழையிலிருந்தும், மழைக்குப் பின் பெருகும் புழு பூச்சியிலிருந்தும், தவசத்திலிருந்தும் வருகிறது. வீட்டுக்கோழி எதற்கும் அதிகம் காத்திருப்பதில்லை. 2010இல் சுவீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் உலகெங்கும் உள்ள வீட்டுக்கோழிகளின் மரபணுத் தொகுதியைக் காட்டுக்கோழியோடு ஒப்பிட்டபோது, பகல் நீளத்தை இனப்பெருக்கத்தோடு இணைக்கும் வழியில் வேலை செய்கிற டிஎஸ்எச்ஆர் என்ற மரபணுவின் ஒரு வடிவம் ஏறத்தாழ எல்லா வீட்டுக்கோழிகளிலும் இருந்தது. பருவத்தின் பிடி தளர்ந்ததன் தடயமாக அதைப் பார்க்கிறார்கள். (அதே குழு 2008இல் இன்னொன்றைக் கண்டது: கோழியின் மஞ்சள் காலுக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது. நம் குற்றாலத்து மலைக்காடுகளில் கூவுகிற அதே காட்டுக்கோழி.) மிச்சமிருந்த பிடியைப் பண்ணைக்காரர் விளக்குப் போட்டுத் தளர்த்திவிடுகிறார், முட்டைப் பண்ணையில் நாளுக்கு 16 மணி நேர வெளிச்சம் வழக்கம்.

காடைக்கு வருவோம். கோவில்பட்டி நெடுஞ்சாலைப் பரோட்டாக் கடையில் வறுவலாக வருவது பெரும்பாலும் ஜப்பானியக் காடை. 1974இல் அமெரிக்காவிலிருந்து உத்தரப் பிரதேசத்தின் இசத்நகருக்கு வந்த இனம். பிறகு நந்தனம், நாமக்கல் என்று தமிழ்நாட்டிலேயே தேர்ந்தெடுத்து உருவாக்கிய வகைகள் வந்துவிட்டன. ஆறு ஏழு வாரத்தில் முட்டைக்கு வந்துவிடும், ஆண்டுக்கு 250க்கு மேல் இடும். ஒரு முட்டை 10 கிராம் அளவு. பண்ணைக்காரர் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: காடை அடையிருக்காது, கூடு கட்டாது, நின்ற இடத்தில் இட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். கூண்டைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது.

ஆனால் கூண்டைத் திறந்து பார்த்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். புல்லும் புதரும் உள்ள திறந்தவெளி அடைப்பில் வளர்ப்புக் காடைகளை விட்டுப் பார்த்த ஆய்வு 1976இல் அமெரிக்காவில் வெளியானது. காடைகளில் சில புல்லுக்கடியில் குழி பறித்தன, முட்டையை ஒரே இடத்தில் சேர்த்தன, அடையிருந்தன, குஞ்சு வளர்த்தன. எத்தனையோ தலைமுறையாகக் கம்பியைத் தவிர எதையும் மிதிக்காத பறவை! 1990களில் சுவிட்சர்லாந்திலும் இதே போன்ற சோதனைகள் நடந்தன. அங்கும் காடைகள் மறைவு கிடைத்தால் முட்டையை மறைத்தன. எனவே, லெகார்னில் அவயம் போனதையும் காடைக் கூண்டில் கூடு போனதையும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது. ஒன்றில் இயல்பே தேய்ந்திருக்கிறது. மற்றதில் இயல்பு அப்படியே இருக்கிறது, அதை எழுப்புகிற புல்தான் இல்லை. அடைப்பில் கண்ட இடத்தில் இடுகிற ஃபெசன்டையும் நான் பெரும்பாலும் இரண்டாவது கணக்கிலேயே சேர்ப்பேன். ஒரு மூலையில் வைக்கோல் கட்டும் சாய்த்து வைத்த ஓலையும் போட்டால் அதே பெட்டைகளில் பல அங்கே போய் இடுகின்றன.

காடை முட்டைக்குள் இன்னொரு வேலையும் நடக்கிறது. பொரிப்பதற்கு முந்தைய நாளில் குஞ்சுகள் ஓட்டுக்குள்ளிருந்து டிக் டிக் என்று ஒலி எழுப்புகின்றன. முட்டைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தால், முந்தியிருக்கும் குஞ்சின் ஒலி பிந்தியதை விரைவுபடுத்துகிறது. மார்கரெட் வின்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1960களில் காடைகளில் இதைக் கண்டுபிடித்தார். இரண்டு வாரத்தில் இட்டதெல்லாம் ஒரே நாளில் பொரிப்பதற்கு முட்டையின் உறக்கம் பாதிக் காரணம் என்றால், இந்தப் பேச்சுவார்த்தை மீதி. பொரிப்பான் தட்டில் முட்டைகள் தனித்தனிக் குழியில் நிற்கும்போது இந்தப் பேச்சு குறைந்துபோகிறது.

கூண்டில் அடைக்காத உறவினர்களை இதே காட்டில் பார்க்கலாம். கவுதாரி வேலிக்கருவைத் தூரிலோ வரப்புப் புல்லிலோ சிறு குழி பறித்து 6, 8 முட்டை இடுகிறது. மழை பெய்தால் கரிசல் தண்ணீரை உறிஞ்சி உப்பிச் சேறாகிவிடும், தாழ்வான இடத்துக் கூடு பிழைக்காது. அதனால்தானோ என்னவோ வரப்பு மேட்டின் மீது அத்தனை பிரியம். மயிலும் தரையில்தான் இடுகிறது. மரத்தில் உறங்குவதைப் பார்த்து மரத்தில் கூடு இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். முட்புதரடியிலும், மானாவாரி மக்காச்சோளக் காட்டுக்குள்ளும் நான்கைந்து முட்டை இட்டு, பெட்டை மட்டும் 28 நாள் அடையிருக்கும். தோகைக்காரர் அந்தப் பக்கமே வருவதில்லை.

கழுகுமலை, குருமலைப் பக்கமெல்லாம் மயில் பெருகிவிட்டது என்று விவசாயிகள் புலம்புவது நியாயமான புலம்பல்தான். விதைத்த உளுந்தையும் முளைத்த பாசியையும் பொறுக்கித் தின்கிறது. அறுவடையின்போது கூடு அம்பிடுகிறது. தாய் ஓடிவிடும், திரும்பி வராமலும் போகலாம். அப்போது முட்டையை எடுத்துவந்து அவயக்கோழிக்கு அடியில் வைப்பது ஊரில் பழைய வழக்கம். சட்டம் அதை அனுமதிக்கவில்லை: மயில் 1963இலிருந்து தேசியப் பறவை, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, முட்டையை எடுப்பதும் கூட்டைக் குலைப்பதும் வேட்டை என்றே கொள்ளப்படும். வனத்துறைக்குச் சொல்வதுதான் வழி.

சட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு உயிரியலை மட்டும் பார்த்தால் இந்த வழக்கம் பாதி பலிக்கிறது. 21 நாள் கணக்குள்ள கோழி 28 நாள் வரை உட்காருமா? உட்காரும். கோழி நாளை எண்ணுவதில்லை. வயிற்றுக்கடியில் முட்டை இருக்கிற வரை, குஞ்சுச் சத்தம் கேட்கிற வரை, புரோலாக்டின் அதை உட்கார வைக்கும். கூமுட்டை மேல் வாரக்கணக்கில் உட்கார்ந்து இளைத்துப்போகிற கோழிகள் எல்லா ஊரிலும் உண்டு. மயில் குஞ்சு பொரித்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகு. மயில் குஞ்சுக்கு இரண்டு வாரத்தில் கிளைக்குத் தாவுகிற சிறகு வந்துவிடுகிறது, அந்தி சாய்ந்தால் உயரம் தேடுகிறது. வளர்ப்புத் தாயோ பஞ்சாரத்துக்குள் தரையோடு தரையாக இறக்கையை விரித்துக்கொண்டு கூப்பிடுகிறது.

பிரிட்டனில் சொந்தத் தாயில்லாமல் குஞ்சு வளர்ப்பது கோடிக்கணக்கில் நடக்கிறது. அங்கே வேட்டைக்காக ஆண்டுதோறும் 3 கோடிக்கு மேற்பட்ட ஃபெசன்ட் குஞ்சுகளைப் பொரிப்பானில் பொரித்து, வளர்த்து, காட்டில் விடுகிறார்கள். தப்பிப் பிழைத்த பெட்டை அடுத்த வசந்தத்தில் குழி பறிக்கிறது, முட்டையிடுகிறது, உட்காருகிறது. அதுவரை எல்லாம் சரி. ஆனால் காட்டிலேயே வளர்ந்த பெட்டையோடு ஒப்பிட்டால் அது கரையேற்றுகிற குஞ்சுகள் மிகக் குறைவு. நரி வரும்போது எந்த நொடியில் அசையாமல் இருப்பது, எந்த நொடியில் எழுந்து பறப்பது, குஞ்சுகளை எந்தப் புல்வெளிக்கு அழைத்துப் போனால் பூச்சி கிடைக்கும் என்பதெல்லாம் தோல்பையிலிருந்தோ பிட்யூட்டரியிலிருந்தோ வருவதில்லை. பொரிப்பான் அதன் தாயையும் பொரித்தது, அதற்கு முந்தியவளையும் பொரித்தது. ஓட்டுக்குள் இருக்கும்போதே அது கேட்டிருக்க வேண்டிய ஒரு பெட்டையின் குரல் பல தலைமுறையாக அந்தப் பண்ணையில் இல்லை.